இது ஏரியாவா, ஏரியா?

சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி வடக்கே போற வால்டாக்ஸ் ரோட்டுல நம்மில் பாதிப் பேராவது ஒரு தடவை டிராஃபிக்ல மாட்டியிருப்போம். அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்னு யோசிச்சிருக்கீங்களா? வால்னா சுவர். டாக்ஸ்னா வரி. சுவர் கட்டின செலவுக்காக மக்கள்கிட்ட போட நெனச்ச வரி. கடைசி வரைக்கும் அந்த வரியை வசூல் பண்ணவே முடியலங்கறது தனி காமெடி. வரி போயிடுச்சு, சுவரும் போயிடுச்சு, பேர் மட்டும் ரோட்டுல ஒட்டிக்கிச்சு.

இந்தச் சுவர் கதையை இப்ப ஏன் எடுக்கறேன்னா, கடந்த ஒரு வருஷமா எங்க வீட்டுல ஒரே பேச்சுதான். வீடு வாங்கணும். அப்பாவோட ரிட்டயர்மென்ட் பணம், என்னோட இருபது வருஷ ஈஎம்ஐ, ரெண்டும் சேர்ந்து ஒரே இடத்துல போய் உக்காரப் போகுது. பார்க்கற ஒவ்வொரு இடத்துலயும் நாங்க கேட்கற முதல் கேள்வி, "ஏரியா சேஃபா?" ஆனா வீட்டுல ஒவ்வொருத்தரும் அந்தக் கேள்வியை வேற வேற அர்த்தத்துல கேட்கறோம். அம்மாவுக்கு சேஃப்னா தெருவிளக்கு எரியணும், சாயங்காலம் பக்கத்து வீட்டு வாசல்ல யாராவது உக்காந்திருக்கணும். நைட் ஷிஃப்ட் போற தங்கச்சிக்கு, கேப் வாசல் வரைக்கும் வரணும். அப்பா எதுவும் கேட்கறதில்ல, தரையைப் பார்ப்பார். அதுக்கு அப்புறம் வர்றேன்.

பொட்டி தட்டுற வேலைக்கு நடுவுல இந்தக் கேள்வியோட சரித்திரத்தை நோண்ட ஆரம்பிச்சேன். சென்னைக்காரங்க "பாதுகாப்பான இடம்"னு எதையெல்லாம் நெனச்சாங்கன்னு பார்த்தா, நூறு வருஷத்துக்கு ஒரு தடவை அர்த்தம் மாறியிருக்கு.

ஆரம்பத்துல பயம் குதிரை மேல வந்துச்சு. 1746-ல பிரெஞ்சுக்காரங்க மதராஸைப் பிடிச்சு 1749 வரைக்கும் வெச்சிருந்தாங்க. திரும்பக் கைக்கு வந்ததும் வெள்ளைக்காரன் செஞ்ச முக்கியமான வேலை, கோட்டைக்கு வடக்கே ஒட்டிக்கிட்டிருந்த பழைய கருப்பர் நகரத்தை இடிச்சதுதான். வீடுகளுக்குப் பின்னாடி ஒளிஞ்சு எதிரி சுடுவான், அதனால கோட்டையைச் சுத்தி வெட்டவெளி வேணும். அதாவது கோட்டைக்குள்ள இருக்கறவனோட பாதுகாப்புக்காக வெளியில இருக்கறவன் வீடு போச்சு. இன்னைக்கு ஹைகோர்ட் நிக்கற இடம் அப்படிக் காலியானதுதான். இதுக்கு மேல யாரும் வீடு கட்டக் கூடாதுன்னு 1773-ல எல்லைத் தூண்கள் நட்டாங்க. அதுல ஒண்ணு பாரிமுனையில டேர் ஹவுஸ் ஓரமா இன்னும் நிக்குது. அடுத்த தடவை அந்தப் பக்கம் போனா பாருங்க.

அப்புறம் ஹைதர் அலி. 1767-ல மைசூர் குதிரைப்படை பரங்கிமலைப் பக்கம் வரைக்கும் வந்து, தோட்ட பங்களாக்களைச் சூறையாடிட்டுப் போச்சு. 1769-ல ஹைதரே வந்து நின்னு ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கினார். அந்த பயத்துலதான் புது கருப்பர் நகரத்தை, அதாவது இன்னைக்கு நாம ஜார்ஜ் டவுன்னு சொல்ற இடத்தை, சுத்திச் சுவர் எழும்பிச்சு. கான்ட்ராக்டர் பால் பென்ஃபீல்டு. 1772 வாக்குல வேலை முடிஞ்சது. மிச்சம் இருக்கற ஒரு துண்டை மாடிப் பூங்கான்னு பார்க்கா ஆக்கியிருக்காங்க. அந்தக் காலத்து புரோக்கர் கண்டிப்பா இப்படித்தான் சொல்லியிருப்பான்: "சார், சுவருக்கு உள்ள வரும் சார், நம்பி வாங்கலாம்."

அடுத்து பயம் கடல்லேர்ந்து வந்துச்சு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி, ஜெர்மன் கப்பல் எம்டன் துறைமுகத்து எண்ணெய் டேங்குகள் மேல குண்டு போட்டுட்டுப் போனது நமக்கெல்லாம் தெரிஞ்ச கதை. தெரியாதவங்களும் "அவன் சரியான எம்டன்"னு திட்டியிருப்பாங்க. ஊரே மூட்டை கட்டிச்சு. 1942 ஏப்ரல்ல ஜப்பான்காரன் வர்றான்னு மறுபடியும் மூட்டை கட்டிச்சு. அப்ப மிருகக்காட்சி சாலை சென்ட்ரல் பக்கத்துல இருந்துச்சு. குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா சிங்கம் புலி தெருவுக்கு வந்துடும்னு அதுகளைச் சுட்டே கொன்னுட்டாங்க. கடற்கரைப் பக்கத்து வீட்டைக் கிடைச்ச விலைக்கு வித்துட்டு சொந்த ஊருக்கு ஓடினவங்க உண்டுன்னு பழைய மதராஸ்காரங்க சொல்வாங்க. இன்னைக்கு அந்த இடமெல்லாம் என்ன விலைன்னு நெனச்சா வயிறு எரியுது.

வேடிக்கை என்னன்னா, 1943 அக்டோபர்ல நிஜமாவே ஒரே ஒரு ஜப்பான் விமானம் வந்து குண்டு போட்டுட்டுப் போச்சு. ஊர்ல பாதிப் பேர் அதைக் கவனிக்கல. ஏன்னா அதே மாசம் கூவமும் அடையாறும் கரை புரண்டு ஊர் தண்ணியில கிடந்துச்சு. வானத்தைப் பார்த்துக்கிட்டிருந்தவங்களைக் காலுக்குக் கீழே வந்தது அடிச்சிருச்சு.

அங்கேர்ந்துதான் நம்ம கதை. ஆனா இதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

1900-கள் ஆரம்பத்துல போட்ட மதராஸ் வரைபடம் எதையாவது எடுத்துப் பாருங்க. மவுன்ட் ரோடுக்கு மேற்கால, நுங்கம்பாக்கத்துலேர்ந்து சைதாப்பேட்டை பக்கம் வரைக்கும் வில்லு மாதிரி வளைஞ்சு நீளமா ஒரு ஏரி இருக்கும். லாங் டேங்க்னு போட்டிருக்கும். நீள ஏரி. நகரத்தோட மேற்கு எல்லையே அதுதான். 1920-ல மதராஸ் நகரமைப்புச் சட்டம் வந்துச்சு. நீதிக்கட்சி ஆட்சி. ஊர் பெருகுது, வீட்டுக்கு இடம் வேணும். ஏரியைத் திறந்து விட்டுட்டு மனை போட்டாங்க. அதுதான் தியாகராய நகர். பிட்டி தியாகராயர் பேர்ல நகர், பனகல் ராஜா பேர்ல பார்க், சுத்தி நீதிக்கட்சித் தலைவர்கள் பேர்ல தெருக்கள். நல்லா ப்ளான் போட்டுக் கட்டின ஊர்தான், இல்லைங்கல. நாம தீபாவளிக்கு ஜவுளி எடுக்கறது ஏரித் தரையிலேன்னு பாண்டி பஜார் நெரிசல்ல யாருக்கு ஞாபகம் வரும்? மிச்சமிருந்த நுங்கம்பாக்கம் ஏரித் துண்டுல 1976-ல வள்ளுவர் கோட்டம் திறந்தாச்சு.

ஏரி போனாலும் பேர் போகல பாருங்க. நுங்கம்பாக்கத்துல டேங்க் பண்ட் ரோடு இருக்கு. ஏரிக்கரைச் சாலை. லேக் ஏரியான்னே ஒரு குடியிருப்பு இருக்கு. மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடு. எந்த லேக், எந்த வியூ? மொட்டை மாடியில ஏறினா எதிர்வீட்டு சின்டெக்ஸ் டேங்க் தெரியும். அதுவும் டேங்க்தானே, ஹி ஹி.

ஆனா தண்ணிக்கு ஞாபக சக்தி ஜாஸ்தி. ஏரிக்கு வர்ற வழியை அது மறக்கல. வள்ளுவர் கோட்டம் பக்கத்துலேர்ந்து தி.நகர் வழியா நந்தனம் போய் அடையாற்றுல சேர்ற மாம்பலம் கால்வாய்தான் இப்ப அந்த ஏரியோட வேலையைச் செய்யணும். 2021 நவம்பர்ல அது அடைபட்டுப் போய், தி.நகர் நாள்கணக்குல தண்ணியில நின்னுச்சு. அரசாங்கம் திருப்புகழ் தலைமையில ஒரு குழு போட்டு, வடிகால் விஷயத்தையே புதுசா ஆராய வேண்டி வந்துச்சு. ஊரிலேயே விலை ஜாஸ்தியான இடங்கள்ல ஒண்ணு, ஞாபகம் வெச்சுக்கோங்க. விலையை வெச்சுப் பாதுகாப்பைக் கணக்குப் போடறவங்களுக்காகச் சொல்றேன்.

இப்ப அப்பா கதைக்கு வர்றேன். அப்பாவுக்குச் சொந்த ஊர் செய்யாறு பக்கம். ஏரிப் பாசன ஊர். அவர் ஊரைப் பார்க்கற விதமே வேற. ஒரு ஏரின்னா அவருக்கு அது வட்டமான தண்ணி இல்ல. மேற்கால உள்வாய், அதாவது தண்ணி நிக்கற பகுதி. நடுவுல கரை. கரையில மதகு. மதகுக்குக் கீழ நஞ்சை. ஓரத்துல கலங்கல், ஏரி ரொம்பினா வழியற இடம். கலங்கல்லேர்ந்து போக்குக்கால்வாய், அது அடுத்த ஊர் ஏரிக்கு வரத்துக்கால்வாய். இப்படி ஏரிக்கு ஏரி சங்கிலி. கடைசி ஏரி ஆத்துலயோ கடலோரக் கழிவேலியிலயோ போய் முடியும். நிலம் கிழக்கே சரியறதால சங்கிலியும் பெரும்பாலும் கிழக்கே போகும். ஊர் மட்டும் எங்க இருக்கும்? மேட்டுல. அதுதான் நத்தம். ரெவின்யூ கணக்குல "நத்தம்"னு எழுதியிருந்தா அது தலைமுறை தலைமுறையா ஜனங்க குடியிருந்த இடம். எந்தக் கிறுக்கனும் பள்ளத்துல பார்த்து வீடு கட்டி நூறு வருஷம் குடியிருக்க மாட்டான்.

உத்திரமேரூர் கல்வெட்டுல பத்தாம் நூற்றாண்டுலேயே ஏரி வாரியம்னு தனிக் குழு இருந்தது நாம பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். 1767-லேர்ந்து 1774 வரைக்கும் பர்னார்டுன்னு ஒரு வெள்ளைக்கார சர்வேயர் செங்கல்பட்டுச் சீமையில சுமார் 2000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊரு, நஞ்சை, புஞ்சை, ஏரின்னு நிலம் பிரிஞ்சிருந்த விதம் அதுல இருக்கு. நம்ம சென்னைப் புறநகர் எல்லாமே அந்தச் சீமைதான். மடிப்பாக்கம், நன்மங்கலம், கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளை எல்லாம் நமக்கு பஸ் ஸ்டாப். அப்பாவுக்கு அதெல்லாம் ஏரிச் சங்கிலியில ஒவ்வொரு கண்ணி.

அந்தச் சங்கிலி போய் முடியற இடம்தான் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். உள்ளூர்க்காரங்க கழிவேலிம்பாங்க. முப்பதுக்கும் மேல ஏரிகளோட உபரித் தண்ணி அங்க வந்து, ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கடைசியில முட்டுக்காட்டுப் பக்கம் கடல்ல கலக்குது. ஒரு காலத்துல ஏறக்குறைய 5000 ஹெக்டேர் இருந்துச்சுன்னு சொல்றாங்க. காகிதத்துல அது தரிசு நிலம். தரிசுன்னு எழுதினா கைக்கு வந்ததைச் செய்யலாமே. பெருங்குடி குப்பைமேடு, ஐடி கம்பெனிகள், ரோடுகள், நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அடுக்குமாடி. 2022-ல ராம்சர் பட்டியல்ல சேர்த்தப்போ எல்லைக்குள்ள வந்தது 1247 ஹெக்டேர் சொச்சம். வேளச்சேரியில 2005-ல படகு விட்டதும், 2015-ல விட்டதும், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ மறுபடி விட்டதும் புயலோட குத்தம் மட்டும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இப்பல்லாம் மழை எச்சரிக்கை வந்தா வேளச்சேரிக்காரங்க காரைக் கொண்டு போய் மேம்பாலத்து மேல நிறுத்தறாங்க. ஏரியைப் பத்தின மக்களோட அறிவு எங்க போய் நிக்குது பாருங்க.

2015 பத்தி எழுதாம இருக்க முடியாது. அப்ப நான் இன்ஜினியரிங் படிச்சுக்கிட்டிருந்தேன். டிசம்பர் 2 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல தாம்பரத்துல 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியோட கொள்ளளவு 3645 மில்லியன் கன அடி, ஆழம் 24 அடி. ஏற்கெனவே நவம்பர் மழையில ரொம்பித்தான் கிடந்துச்சு. ராத்திரியோட ராத்திரியா விநாடிக்கு 29,000 கன அடி அடையாற்றுல திறந்தாங்க. வழியில இருந்த மத்த ஏரிகளோட உபரியும் சேர்ந்துக்கிச்சு. முடிச்சூர், மணப்பாக்கம், ஜாஃபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம்னு ஆத்துக் கரை முழுக்க வீட்டுக்குள்ள தண்ணி. ஏர்போர்ட்டோட ரெண்டாவது ஓடுபாதையே அடையாற்று மேல பாலம் போட்டு நீட்டினதுதான், அதுவும் முங்கிச்சு. இது மனிதர்கள் உண்டாக்கின பேரிடர்னு தணிக்கைத் துறை அறிக்கையே பின்னாடி சொல்லுச்சு, 2018-ல சட்டசபையில வெச்சாங்க. கோட்டூர்புரத்துக்கு இது புதுசும் இல்ல. 1976 நவம்பர்லயும் அடையாறு இப்படித்தான் வந்துச்சு. நடுவுல ஏறக்குறைய 40 வருஷம். அதாவது வீடு வாங்கி, கடன் கட்டி முடிச்சு, பேரன் பார்த்து, இனிமே ஒண்ணும் ஆகாதுன்னு நிம்மதியா சாய்வு நாற்காலியில சாஞ்சு உக்கார்ற நேரம்.

இதுல எனக்கு ரொம்ப உறுத்தற விஷயம் ஒண்ணு இருக்கு. நானும் அப்பாவும் பைக்ல சுத்திச் சுத்தி ஏரி உள்வாயா இல்லையான்னு பார்த்து, வேண்டாம்னா வேண்டாம்னு வந்துடறோம். அந்த உரிமை எல்லாருக்கும் இல்ல. கூவம், அடையாறு கரையோரக் குடிசைகள்ல இருந்தவங்களை "வெள்ள அபாயம், பாதுகாப்பில்ல"ன்னு சொல்லி எங்க கொண்டு போய் வெச்சாங்க? பெரும்பாக்கம், செம்மஞ்சேரி அடுக்குமாடிகள்ல. அதே கழிவேலியோட ஓரத்துல. ஒவ்வொரு பெருமழைக்கும் செம்மஞ்சேரி செய்தியில வருது. 1750-கள்ல கோட்டையோட பாதுகாப்புக்குக் கருப்பர் நகரத்தை இடிச்சாங்களே, அதை எழுதும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு.

சரி, இடம் பார்த்த கதை. புறநகர்ல ஒரு மனை, பேர் சொல்ல வேண்டாம். விலை எங்க பட்ஜெட். பள்ளிக்கூடம் கிட்ட, அம்மா கேட்ட தெருவிளக்கு, தங்கச்சி கேட்ட அகலமான ரோடு. புரோமோட்டர் ஆள் சொன்னார்: "2015-லயே இங்க ஒரு சொட்டு தண்ணி நிக்கல சார்." சென்னையில விற்பனைக்கு இருக்கற எந்த மனையிலயும் 2015-ல தண்ணி நின்னதில்ல. எல்லா வீட்டுலயும் நின்னுச்சு, மனையில மட்டும் நிக்கல. எப்படின்னுதான் தெரியல.

நான் என் வித்தையைக் காட்டினேன். நாசா 2000-ல விண்கலத்துலேர்ந்து எடுத்த உயரக் கணக்கு இலவசமா கிடைக்குது. அதை இறக்கி, க்யூஜிஸ்ல போட்டு, கலர் கொடுத்து, அப்பாகிட்ட லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். பார்க்க ஜோரா இருந்துச்சு. ஆனா அந்தக் கணக்குல மேல கீழ சில மீட்டர் பிசகலாம். சென்னையோட சராசரி உயரமே கடல் மட்டத்துலேர்ந்து ஆறு ஏழு மீட்டர்தான். அதுல என்னத்தைக் கண்டுபிடிக்கறது? அதை விட, அமெரிக்க ராணுவம் 1950-கள்ல போட்ட இந்திய வரைபடத் தொகுதி டெக்ஸாஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்துல கிடக்கு, அது உபயோகம். தெரு தெரியாது, ஆனா ஏரி இருந்தா நீலமா தெரியும். கூகுள் எர்த்ல பழைய வருஷப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கறதும் நல்லது. ஜனவரிப் படத்தைப் பாருங்க, மே மாசப் படம் எல்லா இடத்தையும் யோக்கியமா காட்டும்.

அப்பா லேப்டாப்பைப் பார்த்துட்டு, "நல்லாருக்குப்பா. தாய்ப்பத்திரம் எங்க?"ன்னார்.

வில்லங்கச் சான்றிதழ் எடுத்தோம், சுத்தம். வில்லங்கத்துல கடன் தெரியும், வழக்கு ஜப்தின்னு பதிவானது தெரியும். தண்ணி தெரியாது. பேங்க் வக்கீலும் அதோட விட்டுடுவார், அவருக்கு வேண்டியது டைட்டில். அப்பா விடல. 1960-கள்ல எழுதின தாய்ப்பத்திரத்தோட நகலைக் கேட்டு வாங்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, செக்குபந்தியை மட்டும் படிச்சார். நாலெல்லை. கிழக்கே இன்னாருடைய நஞ்சை, தெற்கே இன்னாருடைய நஞ்சை, வடக்கே பாதை. மேற்கே போக்குக்கால்வாய்.

"எங்கடா கால்வாய்?"

மேற்கே இப்ப முப்பதடி தார் ரோடு. ரெண்டு பக்கமும் வீடு.

சர்வே நம்பரை வெச்சு அரசாங்கத் தளத்துல 'அ' பதிவேடும் புலப்படமும் பார்த்தோம். நிலம் நஞ்சைன்னே இருந்துச்சு. புலப்படத்துல அந்த ரோடு போற வழியே ரெட்டைக் கோடா வளைஞ்சு வளைஞ்சு ஒண்ணு போச்சு. ரோடு நேரா போகுது, கோடு மட்டும் வளையுது. ப்ளான் போட்டு வெட்டின எதுவும் அப்படி வளையாதுப்பான்னார்.

ஞாயித்துக்கிழமை மறுபடி போய் நடந்தோம். இந்தத் தடவை மனையைப் பார்க்கல, பக்கத்து வீடுகளைப் பார்த்தோம். பழைய வீடுகள்ல வாசல்லேர்ந்து உள்ள இறங்கிப் போகணும், ரோடு உசந்துக்கிட்டே போயிருக்கு. புது வீடெல்லாம் அஞ்சடி பேஸ்மென்ட். ஈபி மீட்டரைத் தலைக்கு மேல மாட்டியிருக்காங்க. ஒரு வீட்டுல ஜாக்கி வெச்சு வீட்டையே தூக்கற வேலை நடந்துக்கிட்டிருந்துச்சு. யாரும் வேடிக்கைக்காக அவ்வளவு லட்சம் செலவு பண்ணி வீட்டைத் தூக்க மாட்டாங்க. முனையில டீக்கடை அக்காகிட்ட, "தண்ணி நிக்குமாக்கா?"ன்னு கேட்டா உஷாராயிடுவாங்கன்னு அப்பா வேற மாதிரி கேட்டார். "ஏம்மா, மழைக்காலத்துல கடையை எங்க மாத்துவீங்க?" அந்தக்கா யோசிக்காம கையைக் கிழக்கே காட்டினாங்க. "பிள்ளையார் கோயில்கிட்டண்ணா, அங்கதான் மேடு."

பிள்ளையார் கோயில் தெருவுக்கு நடந்தோம். பழைய ஓட்டு வீடுகள், ஒரு வேப்பமரம், குறுகலான சந்து, கார் நுழையாது. கணக்குல நத்தம். அங்க விற்பனைக்கு ஒரே ஒரு வீடு இருக்கு. நாப்பது வருஷம் பழசு, ரெண்டு அண்ணன் தம்பிக்குப் பாத்தியம், ஒருத்தர் துபாய்ல இருக்கார். அம்மாவுக்கு அந்தத் தெரு பிடிச்சிருக்கு, வாசலுக்கு வாசல் ஆள் உக்காந்திருக்காங்க. தங்கச்சிக்குப் பிடிக்கல, கேப் முனையிலயே நின்னுடும், அங்கேர்ந்து ராத்திரி ரெண்டு மணிக்கு நடக்கணும், அந்த முனையில விளக்கும் இல்ல. அவ சொல்றதுல நியாயம் இருக்கு. நத்தம் பட்டாவுக்குக் கடன் கொடுக்க பேங்க்காரங்க தனியா கேள்வி கேட்கறாங்க.

துபாய்க்காரர் பொங்கலுக்கு வர்றாராம். அதுக்குள்ள முனை விளக்குக்காக அப்பா பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒரு மனு எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கார். வீடு இன்னும் எங்களுது இல்லப்பான்னு சொன்னா, "வாங்கலேன்னாலும் யாரோ நடக்கப் போறாங்கல்ல"ன்னுட்டார்.